எடுத்தவர் குரல்

எங்கள் பொறியாளர் சங்கத்து மகளிர் தின மலருக்கு நான் ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டும் என்று திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் என் வீடு தேடி இரண்டு பெண்கள் வந்தார்கள். இரண்டு பேரும் மின் பொறியாளர்கள். "மேடம், நீங்கதான் எங்களுக்கெல்லாம் இன்ஸ்பிரேஷன்" என்றாள் ஒருத்தி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நான் அப்படி என்னம்மா பண்ணேன்?"

"இந்தப் பக்கத்துல ஃபீல்டுக்கு வந்த முதல் லேடி ஏ.இ. நீங்கதானே மேடம்?"

வந்தேன், வாஸ்தவம். வந்த பிறகு என்ன ஆயிற்று என்று மட்டும் இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் கேட்டதில்லை. மேடையில் ஏற்றுவார்கள், சால்வை போடுவார்கள், இறக்கி விடுவார்கள். சரி, கேட்காவிட்டால் என்ன, நானே சொல்கிறேன். பிடித்தால் போடுங்கள். பிடிக்காவிட்டால் வடை மடிக்கவாவது அந்தக் காகிதம் உதவும்.

படித்த கதையை வளர்க்கப் போவதில்லை. வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். வேலை கிடைத்ததும் சென்னையில் வரைபடப் பிரிவில் உட்கார வைத்தார்கள். ஊர் பேர் தெரியாத கம்பங்களுக்கெல்லாம் படம் போட்டேன். கம்பத்தை நேரில் பார்க்க வேண்டும், ஃபீல்டுக்கு அனுப்புங்கள் என்று எழுதிக் கேட்டபோதெல்லாம், "உனக்கு ஏம்மா இந்த வேலை? ஃபேனுக்கடியில சொகுசா இரேன்" என்றார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு அப்போதும் பதில் சொன்னதில்லை, இப்போதும் சொல்வதாக இல்லை.

வட ஆற்காடு பிரிந்து திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆன வருஷம் எனக்கு வழி பிறந்தது. புதுசு புதுசாக ஆபீஸ்கள் முளைத்தன, உட்கார ஆள் இல்லை. டவுன் பிரிவுக்கு உதவிப் பொறியாளர், அதாவது ஏ.இ., கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தார் அங்கே செயற்பொறியாளராக இருந்த தணிகாசலம் சார். இ.இ. என்றால் எங்களுக்கு அவர்தான். என் பேரைச் சொன்னதும் பக்கத்திலிருந்தவர்கள், "சார், லேடிங்க. தீபத்துக்குக் கூட்டம் எப்படி வரும்னு தெரியுமில்ல?" என்றார்களாம். "ஓம்ஸ் லாவுக்கு ஆம்பளை பொம்பளை தெரியுமாங்க? வரட்டும்" என்று கையெழுத்துப் போட்டார். இதை அவர் என்னிடம் சொன்னதில்லை. மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

தணிகாசலம் சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாற்காலியைக் கைக்குட்டையால் ஒரு தட்டுத் தட்டாமல் உட்கார மாட்டார். அந்தக் கைக்குட்டையை நான்காக மடித்து மேஜை ஓரத்தில் வைத்த பிறகுதான் பேச்சு. கடைநிலை ஊழியரைக்கூட "வாங்க, போங்க" என்பார். கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். அவருடைய டீ ஒரு தனி சங்கதி. அவருக்கு வரும் டீயில் பாதியை இன்னொரு டம்ளரில் ஊற்றி, எதிரே யார் இருக்கிறார்களோ அவர்கள் பக்கம் நகர்த்துவார். "குடிங்க" என்றுகூடச் சொல்ல மாட்டார். நகர்த்துவார், அவ்வளவுதான்.

அந்தப் பாதி டீ எனக்கு என்னவாக இருந்தது என்று உங்களுக்குப் புரிய வேண்டுமானால் என் மத்தியானங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். பதினோரு மணிக்கு ஆண்கள் எல்லாரும் கும்பலாக டீக்கடைக்குப் போவார்கள். "மேடத்துக்குப் பார்சல் வாங்கியாரட்டுமா?" என்பார்கள். மரியாதைதான், இல்லை என்று சொல்லவில்லை. "வாங்களேன்" என்று ஒரு நாளும் ஒருத்தரும் கூப்பிட்டதில்லை. மத்தியானம் ஸ்டோர் ரூமில், பழுதான மீட்டர்களுக்கு நடுவே, கேபிள் சுற்றி வைத்த மரச் சக்கரத்தின்மேல் டிபன் பாக்ஸைத் திறப்பேன். அறைக்கு வெளியே அவர்கள் சிரிப்பது கேட்கும். நான் வெளியே வந்தால் சிரிப்பு நின்றுவிடும். அதனால் சாப்பிட்ட பிறகும் கொஞ்ச நேரம் உள்ளேயே உட்கார்ந்திருப்பேன்.

ஒருமுறை ஒரு பெண்கள் பள்ளியில் பேசக் கூப்பிட்டார்கள். தைரியம், தன்னம்பிக்கை என்று என்னென்னவோ அளந்தேன். பேசி முடித்ததும் கேள்வி கேட்கச் சொன்னார்கள். "ஷாக் அடிச்சிருக்கா மிஸ்?" என்று வழக்கமான கேள்வி. பிறகு கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "மத்தியானம் யார்கூட உக்காந்து சாப்புடுவீங்க மிஸ்?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீடு திரும்புகிற வழியெல்லாம் அந்தக் கேள்வி என்னைக் குடைந்துகொண்டே வந்தது.

இனி வேலை விஷயத்துக்கு வருகிறேன். ஒன்றே ஒன்று தெரிந்தால் போதும். லைனில் ஆள் ஏறுவதற்கு முன்னால், அந்த லைனை நிறுத்தித் தரும்படி சப்ஸ்டேஷனில் கேட்டு வாங்க வேண்டும். இதற்கு லைன் கிளியர் என்று பேர், எங்கள் வாயில் எல்.சி. சப்ஸ்டேஷனில் இருக்கும் ஆபரேட்டர் மின்சாரத்தை நிறுத்தி, லைனைத் தரையோடு இணைத்து எர்த் போட்டு, 'ஆள் வேலை செய்கிறார்' என்று பலகை மாட்டிவிட்டு, "குடுத்தாச்சு" என்பார். அதற்கப்புறம்தான் இங்கே ஆள் கம்பத்தில் கால் வைக்க வேண்டும். வேலை முடிந்து, எல்லாரும் இறங்கிவிட்டார்களா என்று கண்ணால் பார்த்த பிறகு, எல்.சி.யை எடுத்தவரே கூப்பிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வேறு யார் கொடுத்தாலும் செல்லாது. எடுத்தவர் குரல் வந்தால்தான் பிரேக்கர் மேலே போகும், மின்சாரம் பாயும். மேலே தொங்குகிறவன் உயிர் அந்தக் குரலில் இருக்கிறது.

நான் வந்த புதிதில் முதல் எல்.சி. கேட்டு சப்ஸ்டேஷனுக்கு ஃபோன் செய்தேன். ஏகாம்பரம் என்கிற ஆபரேட்டர் எடுத்தார்.

"டவுன் ஃபீடர் எல்.சி. வேணும்."

"ஏ.இ. ஐயாவைப் பேசச் சொல்லும்மா."

"நான்தாங்க ஏ.இ."

"யம்மா, வெளையாடாத. இது சப்ஸ்டேஷன். வைம்மா ஃபோனை."

வைத்தே விட்டார். மறுபடி கூப்பிட்டேன், மறுபடி வைத்தார். இங்கே லைன்மேன்கள் கயிற்றை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கிறார்கள். முகம் எரிந்தது எனக்கு. மொபெட்டை எடுத்துக்கொண்டு நேரே சப்ஸ்டேஷனுக்குப் போய் அவர் எதிரில் நின்றேன். ஒல்லியான மனுஷன், கண்ணாடி, காதோரம் பென்சில். எழுந்து நின்றார். ஆனால் மன்னிப்புக் கேட்கவில்லை.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. உங்க குரல் எனக்குப் பழக்கமில்ல. பழக்கமில்லாத குரலுக்கு நான் லைனைக் குடுத்து வாங்கினா, ஒரு நாளு இல்லாட்டி ஒரு நாளு எவனோ கருகிப் போவான். அந்தப் பாவம் எனக்கு வாணாம்."

திட்டத்தான் வந்தேன், ஆனால் அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. அன்றைக்கு நேரிலேயே எல்.சி. வாங்கினேன். மறுநாள் காலை ஆபீஸ் போனதும் அவருக்கு ஃபோன் செய்தேன்.

"ஏ.இ. டவுன், கனகவல்லி பேசறேன்."

"எல்.சி.யாம்மா?"

"இல்லீங்க. சும்மா. குரல் பழகட்டும்னு."

பிறகு, "டிரான்ஸ்பார்மர் ஆயில் சூடு இன்னைக்குக் கம்மிதாம்மா" என்றார். அவ்வளவுதான் பேச்சு. மறுநாளும் கூப்பிட்டேன், அதற்கு மறுநாளும் கூப்பிட்டேன். அப்படியே வழக்கமாகிவிட்டது. ஆயில் சூடு, லோடு ஜாஸ்தியா கம்மியா, மலைமேல் மேகம் இறங்கியிருக்கிறதா, இதைத் தாண்டி எதுவும் இல்லை. எனக்குச் சளி பிடித்திருந்தால் கண்டுபிடித்துவிடுவார். "குரல் கம்மிப் போயிருக்குது, இன்னைக்கு எல்.சி. எடுக்கறதா இருந்தா மிளகு ரசம் குடிச்சிட்டு எடுங்க" என்பார். ஒவ்வொரு நாளும் நான் முதலில் பேசிய மனிதர் அவர்தான். பல நாட்களில் வேலை சம்பந்தமில்லாமல் பேசிய ஒரே மனிதரும் அவர்தான். இத்தனைக்கும் அவர் முகத்தைப் பார்த்தது விரல்விட்டு எண்ணுகிற அளவுதான்.

இப்போது தேர்.

தீபத் திருவிழாவில் பெரிய தேர் மாட வீதி சுற்றி வரும் நாள் எங்களுக்குத்தான் பரீட்சை. வீதிக்குக் குறுக்கே போகிற கம்பியை எல்லாம் தேர் வருவதற்கு முன் அவிழ்த்து இறக்க வேண்டும், போன பிறகு ஏற்றிக் கட்ட வேண்டும். அதுவரை அந்த வட்டாரத்துக்கே கரண்ட் கிடையாது. தேர் நம் அவசரத்துக்கு வராது. ஒரு முக்கில் நின்றால் நின்றதுதான், கட்டை போட்டு, தள்ளி, ஆயிரம் பேர் கத்தி, பிறகு நகரும். பின்னால் வரும் அம்மன் தேர் உயரம் குறைவு, ஏற்றிக் கட்டிய கம்பிக்கு அடியிலேயே போய்விடும்; அதைப் பெண்கள்தான் இழுப்பார்கள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தலைகலைந்து, ஒரே கூச்சலும் சிரிப்புமாகப் போவார்கள். வருஷா வருஷம் அந்த வடத்துக்கு ஒரு முழத் தூரத்தில் நின்றிருக்கிறேன். ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. என் கண் கம்பத்தில் இருக்கும்.

வந்து சில வருஷம் ஆனபின் ஒரு தேர் நாள். எல்.சி. என் பேரில் எடுத்தாயிற்று. பெரிய தேர் பே கோபுரத் தெரு முக்கில் வெகு நேரம் நின்றுவிட்டுப் பிற்பகலில்தான் நகர்ந்தது. பின்னாலேயே எங்கள் ஆட்கள் கம்பி கட்டிக்கொண்டு வந்தார்கள். கடைசிக் கம்பத்தில் ஏறினவர் கன்னியப்பன். அடி அண்ணாமலைக்காரர், நிதானமான லைன்மேன். அந்தக் கம்பம் திருப்பத்துக்கு அந்தப் பக்கம், நடுவில் வரவேற்பு வளைவு ஒன்று மறைத்துக்கொண்டிருந்தது. நான் நின்ற இடத்துக்கும் அதற்கும் இடையில் ஜனம் ஜனம், எள் போட்டால் விழாது.

பாத்திரக் கடைக்காரர் வெளியே வந்து, "அம்மா, உங்களுக்கு ஃபோனு" என்றார். அந்தக் கடை நம்பரைத்தான் விழாவுக்காக எல்லாரிடமும் கொடுத்து வைத்திருந்தேன். தணிகாசலம் சார் கட்டுப்பாட்டு அறையிலிருந்து பேசினார்.

"கனகவல்லி, எல்.சி.யைத் திருப்பிக் குடுத்துடுங்க. குடிதண்ணி மோட்டார் ஓடல. குழாயில ஜனங்க அடிச்சிக்கறாங்க. இங்க பெரியவங்க எல்லாம் உக்காந்திருக்காங்க."

"கடைசிக் கம்பம் இன்னும் பார்க்கல சார். பார்த்துட்டுக் குடுத்துடறேன்."

"தேர் போயாச்சும்மா. ஆள் இறங்கிட்டாங்கன்னு நம்ம பசங்களே வந்து சொல்றாங்க."

"நான் கண்ணால பார்க்கல சார்."

குரல் தாழ்ந்தது. "நான் சொல்றேன். என் வார்த்தைமேல நம்பிக்கை இல்லியா உங்களுக்கு?"

என்னை நம்பி இந்த ஊருக்குக் கொண்டு வந்த ஒரே மனுஷன் கேட்கிறார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை என்று எனக்குத் தெரியும். அவருக்கு யாரோ தப்பாகச் சொல்லியிருக்கலாம், சரியாகவும் சொல்லியிருக்கலாம். கன்னியப்பன் இறங்கிக்கூட இருக்கலாம். பக்கத்தில் பாத்திரக் கடைக்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், எடுத்தவ நான். நான் திருப்பிக் குடுத்தாதான் வரும். யார் சொன்னாலும் வராது."

அப்படிச் சொல்ல வேண்டும் என்று யோசித்துச் சொன்னதில்லை. வாயில் வந்துவிட்டது. அந்தப் பக்கம் லைன் வெட்டுப்பட்டது.

கூட்டத்துக்குள் பாய்ந்தேன். "யம்மா, எங்க இடிச்சிக்கினு போற?" என்று திட்டினார்கள். ஒரு செருப்பு எங்கேயோ போய்விட்டது. அம்மன் தேர் வடத்துக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் போனேன். வளைவைத் தாண்டி நிமிர்ந்து பார்த்தேன்.

கன்னியப்பன் மேலே இருந்தார். கம்பியைக் கையால் பிடித்துக்கொண்டு, பல்லால் கட்டுக் கம்பியைக் கடித்தபடி, முறுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துவிட்டு வாயிலிருந்ததை எடுத்தார்.

"இன்னா ஏ.இ. அம்மா, தேர் உங்களைத் தொரத்துதா?"

கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "மெதுவா கட்டு, கன்னியப்பா. அவசரமில்ல" என்றேன். அவர் கட்டி முடித்து, இறங்கி, பெல்ட்டை அவிழ்த்து, என் முன்னால் நின்ற பிறகு, வேலை இடத்தில் நாங்கள் போட்டிருந்த எர்த்தை எடுக்கச் சொன்னேன். பாத்திரக் கடைக்குத் திரும்பி நடந்து சப்ஸ்டேஷனைக் கூப்பிட்டேன்.

"ஏ.இ. டவுன், கனகவல்லி. ஆள் எல்லாம் இறங்கியாச்சு. எல்.சி. திருப்பிக் குடுக்கறேன்."

ஏகாம்பரம் அதை அப்படியே திருப்பிச் சொன்னார். பிறகு மெதுவாக, "அம்மா, இ.இ. ரெண்டு தபா கூப்ட்டாரு. நான் சொல்றேன் போடுங்கன்னாரு. எடுத்தவங்க குரல் வரணும் சார், வராம கை வைக்க மாட்டேன்னு சொல்ட்டேன். சஸ்பெண்ட் பண்ணா பண்ணட்டும்" என்றார்.

பழக்கமில்லாத குரல் என்று ஒரு காலத்தில் ஃபோனை வைத்த மனுஷன். நான் கடைக்குள்ளேயே திரும்பி நின்று அழுதேன். குடம் வாங்க வந்தவர்கள் சாமி பார்த்த உருக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

சஸ்பெண்ட் எல்லாம் ஆகவில்லை. தணிகாசலம் சார் கெட்டவர் இல்லையே. ஆள் மேலேயே இருந்தது தெரிந்ததும் அவருக்கு உடம்பே ஆடிப்போயிற்று என்று பின்னால் சொன்னார்கள். ஆனால் பெரியவர்கள் முன்னால், "அஞ்சு நிமிஷத்துல கரண்ட் வரும், என் ஏ.இ. நான் சொன்னா செய்வாங்க" என்று சொல்லியிருந்தாராம். அந்தப் பேச்சு கீழே விழுந்ததை அவரால் மறக்க முடியவில்லை.

மறுநாள் அவர் அறைக்குப் போனேன். நாற்காலியைத் தட்டினார், கைக்குட்டையை மடித்தார். "மேடத்துக்கு ஒரு டீ சொல்லுங்க" என்றார். அதுவரை நான் கனகவல்லிதான், மேடம் இல்லை. எனக்கென்று தனியாக ஒரு டம்ளர் வந்தது, முழு டீ, விளிம்பு வரை. அவருடையதை அவர் குடித்தார். நான் என்னுடையதைக் குடித்தேன். அன்றுமுதல் அவர் மாற்றலாகிப் போகும் வரை எனக்கு முழு டீதான் வந்தது. போகிற அன்று வழியனுப்பு விழாவில் என் பக்கம் வந்து, "அன்னைக்கு நீங்க செஞ்சது ரூல்படி சரிதான் மேடம்" என்றார். "தேங்க்ஸ் சார்" என்றேன். அந்தப் பாதி டீயைக் கேட்டு வாங்கவா முடியும்?

கன்னியப்பனுக்கு யாரோ விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு நாள் ஒரு பை நிறைய மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். "நம்ம நெலத்துல வெளைஞ்சது" என்றார். தலையைச் சொறிந்துகொண்டு வெளியே போய்விட்டார். ஆனால் ஃபோனில் நான் சொன்னதைப் பாத்திரக் கடைக்காரர் பரப்பிவிட, லைன்மேன்களுக்கு என் வாக்கியம் கேலிக்கு வசதியாகப் போயிற்று. பீடி கடன் வாங்கினாலும், ஸ்பானர் எடுத்தாலும், "எடுத்தவன் திருப்பிக் குடுத்தாதான் வரும், யார் சொன்னாலும் வராது" என்று என் குரலிலேயே சொல்லிச் சிரிப்பார்கள். நான் வெளியே வந்தால் சிரிப்பு நின்றுவிடும். அது மட்டும் மாறவில்லை.

ஏகாம்பரம் எனக்கு முன்பே ஓய்வு பெற்றார். கொஞ்ச நாளில் போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்கப்புறமும் சில காலை வேளைகளில் கை தானாக ஃபோனுக்குப் போகும். பிறகு நானும் ஓய்வு பெற்றேன். முதல் வருஷத் தீபத்துக்கு அம்மன் தேர் வடத்தை ஆசை தீரப் பிடித்தேன். பக்கத்திலிருந்த பெண், "மேல இன்னாம்மா பாக்கற, வடத்தைப் பாத்து இழு" என்று அதட்டினாள்.

இந்தக் கட்டுரையை எழுத எனக்கு முதலில் இஷ்டமில்லை. கேட்டு வந்த பெண்களிடம் முடியாது என்றே சொல்லி அனுப்பிவிட்டேன். மனசு மாறினது அடுத்த வாரம் ஒரு மத்தியானம். சாப்பாட்டுக்குத் தட்டு வைக்கும்போது கரண்ட் போயிற்று. வெயில் கொளுத்துகிறது. இந்த வீட்டில் ஃபேன் நின்றால் சத்தம் என்று சொல்ல எதுவும் இல்லை. பொறுக்க முடியாமல் பிரிவு ஆபீசுக்கு ஃபோன் செய்தேன். ஒரு பெண் குரல், எனக்குத் தெரியாத குரல்.

"கரண்ட் எப்பம்மா வரும்?" என்றேன். யார் என்று சொல்லவில்லை.

"லைன்ல வேலை நடக்குதும்மா. ஆள் மேல இருக்காங்க."

"அதான், எப்ப வரும்?" என் குரலில் எரிச்சல் இருந்தது.

"எடுத்தவ நான்மா. நான் திருப்பிக் குடுத்தாதான் வரும். யார் சொன்னாலும் வராது."

அது என் வாக்கியம். லைன்மேன்கள் வாயிலிருந்து அவள் பொறுக்கிக்கொண்டதாகத்தான் இருக்கும். யாருடைய வாக்கியம் என்று அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. நான் பேசாமல் இருக்கவும், "அம்மா? லைன்ல இருக்கீங்களா?" என்றாள். அப்போது அவளுக்குப் பின்னாலிருந்து இன்னொரு பெண் குரல் கேட்டது.

"ஏய், வாடி, சோறு ஆறுது."

"நீ துன்னு. ஆளு எறங்கட்டும், நான் போய்ப் பாத்துட்டு வரேன்."

"நீ வராம எப்படி? மூடி வெச்சிருக்கேன், வா."

"சரிம்மா, ஆள் இறங்கட்டும், மெதுவாவே குடு" என்று சொல்லி ஃபோனை வைத்தேன். சாதத்தைத் தட்டால் மூடிவிட்டு, ஜன்னலோரம் போய் உட்கார்ந்தேன். புடவை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வெகு நேரம் கழித்து ஃபேன் சுழன்றது. இன்னும் கொஞ்சம் பொறுத்தேன், அவள் ஆபீசுக்குத் திரும்பிக் கை கழுவுகிற நேரம் கணக்காக. பிறகு நானும் சாப்பிட உட்கார்ந்தேன்.